பீட்டர் அயர்டேல் கப்பலுக்கு அரை நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் போர்ட்லண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய நம்மவர்கள் முதல் கோடையிலேயே கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் கேனன் பீச்தான். அங்கே கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். இன்னும் கொஞ்சம் வடக்கே, ஓரிகன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் விழும் இடத்தில் ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. அதன் மணலில் 1906-லிருந்து ஒரு கப்பல் கிடக்கிறது. பெயர் பீட்டர் அயர்டேல்.

வருகிறவர்களில் பலர் கப்பல் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பார்த்தது பத்து நிமிடம். எனக்கு அது நஷ்டக் கணக்காகத்தான் படுகிறது. கப்பலைச் சுற்றியுள்ள ஈர மணல் முழுக்கப் பறவைகள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அரை நாள் ஒதுக்கினால் போதும். ஆனால் எந்த அரை நாள் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை: வற்றம் எப்போது என்று பாருங்கள்

நான் முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பிப் போய் நின்றால், கப்பலைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீர். துருப்பிடித்த இரும்பு நுனிகள் மட்டும் மேலே தெரிந்தன. கூட வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். இரண்டு வற்றமும் ஒரே அளவாக இருக்காது. ஒன்று நன்றாக இறங்கும், மற்றது அரைகுறையாக நின்றுவிடும். நமக்கு வேண்டியது நன்றாக இறங்கும் வற்றம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா, ஒவ்வோர் இடத்துக்கும் இதற்கான அட்டவணையை இலவசமாக வெளியிடுகிறது. அதில் ஹேமண்ட் என்ற நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அஸ்டோரியாவின் கணக்கை எடுத்தால், அது ஆற்றுக்குள்ளே தள்ளி இருப்பதால் நேரம் பிந்திக் காட்டும். அட்டவணையில் பூஜ்யத்துக்குக் கீழே, கழித்தல் குறியோடு எண் இருக்கும் நாள் கிடைத்தால் யோசிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பெரும்பாலும் அப்படி அமையும். வீட்டில் நாள்காட்டி தொங்கினால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

இனி முக்கியமான இடம். வற்றம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலைச் சுற்றி நடக்கலாம், ஆனால் பறவைகள் அகன்று கிடக்கும் ஈர மணலில் எங்கெங்கோ சிதறி இருக்கும். கடல் ஏறத் தொடங்கினால் ஈர மணல் சுருங்கும், பறவைகள் உங்களை நோக்கித் தள்ளப்பட்டு வரும். அதனால் கணக்கு இதுதான்: வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். முதலில் கப்பல். தண்ணீர் திரும்பிய பிறகு பறவை. மாற்றிச் செய்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

கோடையில் இந்தக் கரையின் நல்ல வற்றங்கள் காலையில் வருகின்றன. அது இன்னொரு வகையிலும் வசதி. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், நிலத்தின் பக்கம் இருக்கும். கடலைப் பார்த்து நின்றால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் எல்லாப் பறவையும் கறுப்புப் பறவைதான். குளிர்காலத்தில் நல்ல வற்றம் சாயங்காலமும் இரவுமாகத் தள்ளிப் போய்விடும்.

கிளம்புவதற்கு முன்

போர்ட்லண்டிலிருந்து 26-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், 101-இல் வடக்கே திரும்பி, சீசைடைத் தாண்டி வாரன்டன் போக வேண்டும். அங்கிருந்து பூங்காவுக்கு வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. பூங்காவுக்குள் கப்பலின் பெயரிலேயே தனி வாகன நிறுத்தம் உண்டு. நாள் அனுமதிச் சீட்டு வாங்கிக் காரில் தெரியும்படி வைக்க வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்து மணல்மேட்டைத் தாண்டினால் கப்பல் கண்ணில் பட்டுவிடும். அதிகம் நடக்க முடியாத பெரியவர்களைக்கூடக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் தூரம்தான்.

கடற்கரை என்றதும் மெரினா வெயிலை மனதில் வைத்துக்கொண்டு பருத்திச் சட்டையோடு கிளம்பாதீர்கள். ஜூலையிலும் காற்று எலும்பைத் தொடும். காற்றுத் தடுக்கும் மேலங்கி, காதை மூடும் குல்லா, நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி காலுறை. செருப்பு வேண்டாம், மூடிய காலணி வேண்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். அங்கே சுண்டல் விற்கிறவர் யாரும் வரமாட்டார். கடைசிப் பெரிய கடைகள் வாரன்டனில்தான்.

பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் வகை போதும். பத்து மடங்கு வாங்கினால் அந்தக் காற்றில் கை நடுங்கி ஒன்றும் நிற்காது. பறவை பெயர் தெரியாதவர்கள் மெர்லின் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளலாம், இலவசம். வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். கரையில் சிக்னலை நம்ப வேண்டாம்.

கப்பலைப் பார்ப்பது எப்படி

தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய மீன் ஒன்றின் எலும்புக்கூடு மாதிரி இருக்கும். கிட்டே போனால் முன்பகுதி தெளிவாகத் தெரியும். அதற்குப் பின்னால் வரிசையாக விலா எலும்புகள், முறிந்த பாய்மரங்களின் அடிக்கட்டைகள். மீதியெல்லாம் மணலுக்குள்ளே அல்லது பழைய இரும்புக்காரர் கையில் போய்விட்டது.

இதன் கதை தெரிந்தால் அந்த இரும்பு வேறு மாதிரித் தெரியும். 1890-இல் இங்கிலாந்தின் மேரிபோர்ட்டில் கட்டிய எஃகுக் கப்பல், நான்கு பாய்மரம், 285 அடி நீளம். லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் முதலாளியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1906 செப்டம்பரில் மெக்சிகோவின் சலினா குரூஸ் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏதும் இல்லாமல், நிலை தடுமாறாதிருக்க அடியில் ஆயிரம் டன் பாரம் மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. போர்ட்லண்டில் கோதுமை ஏற்ற வேண்டும். அக்டோபர் 25 விடியற்காலை கொலம்பியா முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆற்றுக்குள் கூட்டிப்போக வழிகாட்டி மாலுமி வர வேண்டும், அதற்காகக் காத்திருந்தது. அடர்ந்த மூடுபனி, பலத்த காற்று, கரைப் பக்கம் இழுக்கும் நீரோட்டம். கேப்டன் லாரன்ஸ் கப்பலைக் கடலுக்குள் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. மணலில் மோதிய வேகத்தில் மூன்று பாய்மரங்கள் முறிந்து விழுந்தன.

ஆச்சரியம் என்னவென்றால், ஒருவர்கூடச் சாகவில்லை. பாயிண்ட் ஆடம்ஸ் மீட்பு நிலையத்துப் படகுக்காரர்கள் எல்லோரையும் கரை சேர்த்தார்கள். பாய்மரங்கள் போனாலும் கப்பலின் உடற்பகுதிக்குப் பெரிய சேதம் இல்லை. இழுத்துக் கடலில் விட்டுவிடலாம் என்றுதான் திட்டம். நல்ல வானிலைக்காகக் காத்திருந்த வாரங்களில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மணலுக்குள் இறங்கிவிட்டது. அஸ்டோரியாவில் நடந்த பிரிட்டிஷ் விசாரணை கேப்டன் மீது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 1917-இல் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள்.

இது இங்கே ஒரு கப்பலுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. இந்த முகத்துவாரத்தைச் சுற்றி சுமார் 2,000 கப்பல்களும் படகுகளும் சேதமாகியிருக்கின்றன என்று சொல்வார்கள். பசிபிக்கின் இடுகாடு என்று பட்டப்பெயரே உண்டு. பெரிய ஆறு வேகமாக வெளியே தள்ளுகிறது, பசிபிக்கின் அலை அதை எதிர்த்து உள்ளே வருகிறது, இரண்டுக்கும் நடுவில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல் திட்டு. இன்றைக்கும் பெரிய கப்பல்கள் தனி வழிகாட்டி மாலுமி இல்லாமல் இந்தத் திட்டைத் தாண்டுவதில்லை. கரையில் நிற்கும்போது அடிவானத்தில் சரக்குக் கப்பல்கள் தெரிந்தால் கவனியுங்கள். அவற்றில் சில அயர்டேல் ஏற்ற வந்த அதே சரக்குக்காக, கோதுமைக்காக வந்தவையாக இருக்கலாம்.

கப்பல் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை. தொடலாம், ஏறக் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உப்புத் தண்ணீரில் ஊறிய இரும்பு, வெளியே தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே பொரிந்திருக்கும். மணலுக்கு அடியிலும் விளிம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், மூடிய காலணி அதற்குத்தான். இரும்பைச் சுற்றி அலை மணலை அரித்துக் குழி பறித்திருக்கும். பார்க்கக் கணுக்கால் தண்ணீர் மாதிரி இருக்கும், காலை வைத்தால் முழங்கால் போகும். சின்னப் பிள்ளைகள் கையை விடாதீர்கள். துரு உதிர்ந்து கிடந்தாலும் நினைவுக்கு என்று ஒரு துண்டு எடுத்து வராதீர்கள், அது மாநிலப் பூங்காவின் சொத்து.

கப்பலின் உயரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போகும், கப்பல் வெளியே வரும். கோடையின் மென்மையான அலைகள் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும், கப்பல் புதையும். ஆகஸ்டில் ஒரு படம், பிப்ரவரியில் அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் திரும்பிய பிறகு: பறவைகள்

கப்பலை விட்டு வடக்கேயோ தெற்கேயோ ஒரு கால் மணி நேரம் நடங்கள். ஆள் கூட்டம் விலகிவிடும். அலை வந்து தொட்டுத் திரும்பும் கோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் முதலில் கண்ணில் படுவது சாண்டர்லிங் என்ற சின்ன உள்ளான். வெளிறிய சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புக் கால்கள். அலை பின்வாங்கும்போது அதைத் துரத்திக்கொண்டு ஓடும், அலை திரும்பினால் அதற்கு முன்னால் ஓடிவரும், சாவி கொடுத்த பொம்மை மாதிரி. உற்றுப் பார்த்தால் பின்விரல் இல்லை என்பது தெரியும், மற்ற உள்ளான்களிலிருந்து பிரித்தறிய அது ஓர் அடையாளம். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டுக் கோடைக் கடைசியில் வந்து, வசந்தம் வரை இங்கே இருக்கும். கோடியக்கரைக்கு வலசை வரும் அதே இனம்தான். அங்கே பார்த்திருந்தால் இங்கே பெயர் சொல்ல யாரும் தேவையில்லை.

பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். இது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, நானும் செய்தேன். பத்தடி நெருங்கினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். ஆயிரக்கணக்கான மைல் போக வேண்டிய பறவைக்கு அந்த வீண் ஓட்டம் தின்று சேர்த்த கொழுப்பைக் கரைக்கும் செலவு. அதற்குப் பதில், கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, முன்னாலேயே போய் மணலில் உட்கார்ந்துவிடுங்கள். ஏறும் தண்ணீர் அவற்றை உங்கள் பக்கம் கொண்டுவரும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பைனாகுலரே தேவைப்படாத தூரத்தில் மேய்ந்துகொண்டு போகும்.

காய்ந்த மணல் பக்கம் இன்னொரு ஜீவன் இருக்கிறது, அதைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டும். ஸ்னோயி பிளோவர், நம் உப்புக்கொத்தியின் சொந்தக்காரர். 2011 வரை கென்டிஷ் உப்புக்கொத்தியும் இதுவும் ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். கைக்குள் அடங்கும் உருவம், மணல் நிறம். கூடு என்று ஒன்றும் கட்டாது. மணலில் லேசாகக் குழித்து, மணல் நிறத்திலேயே மூன்று முட்டை இடும். மிதித்த பிறகுதான் மிதித்தது தெரியும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இது 1993-லிருந்து அழியும் ஆபத்தில் உள்ள பறவையாகப் பட்டியலில் இருக்கிறது. மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பூங்காவின் வடமுனையில் இதற்காக ஒதுக்கிய பகுதியில் கட்டுப்பாடுகள் உண்டு. நாய், பட்டம், டிரோன் எதுவும் கூடாது, ஈர மணலில் மட்டும்தான் நடக்கலாம். பட்டத்தைப் பருந்து என்று நினைத்துத் தாய்ப்பறவை முட்டையை விட்டு ஓடிவிடும், அதனால்தான் அந்தத் தடை. பலகைகளும் கயிறும் கட்டியிருப்பார்கள். ஆள் காவலுக்கு இல்லையே என்று தாண்ட வேண்டாம்.

சரி, தலைக்கு மேலே பார்ப்போம். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அலைக்குச் சற்று மேலே வரிசை கட்டிப் போகும் பெரிய பழுப்புப் பறவைகள் கூழைக்கடாக்கள். வேடந்தாங்கலில் கூழைக்கடா பார்த்தவர்களுக்கு இது புதுக் காட்சி. நம்முடையது தண்ணீரில் மிதந்துகொண்டே அலகால் மீனை அள்ளும். இந்தப் பழுப்புக் கூழைக்கடா உயரத்திலிருந்து இறக்கையை மடக்கித் தலைகீழாகக் கடலில் பாயும். அது மேலே வந்து தண்ணீரை வடிக்கும் நேரம் பார்த்து, சிவப்பு மூக்கும் சாம்பல் உடம்பும் உள்ள ஹீர்மன் கடற்காகம் வாயிலிருந்தே மீனைப் பிடுங்கப் பக்கத்தில் காத்திருக்கும். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து அழியப்போன பறவை இந்தக் கூழைக்கடா. 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. பறவை மெல்லத் தேறி, 2009-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

கரகரத்த குரலில் கத்திக்கொண்டு, தடித்த சிவப்பு அலகோடு போகும் பெரிய ஆலா, காஸ்பியன் ஆலா. இதன் உலகத்திலேயே பெரிய குடியிருப்பாக இருந்தது இங்கே ஆற்றுக்குள் உள்ள ஈஸ்ட் சாண்ட் தீவுதான். வெண்தலைக் கழுகு ஆண்டு முழுக்க உண்டு. தூரத்தில் எல்லா உள்ளான்களும் ஒரே சமயத்தில் எழுந்தால் நிமிர்ந்து பாருங்கள், அநேகமாக ஒரு கழுகோ வல்லூறோ வந்திருக்கும். ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் அடிவானத்தையொட்டிக் கரும்புகை ஓடுவது மாதிரி தெரிந்தால் அது புகை இல்லை. நியூசிலாந்து, சிலி பக்கத்துத் தீவுகளில் கூடு கட்டிவிட்டு இங்கே மீன் தின்ன வரும் சூட்டி ஷியர்வாட்டர் கூட்டம், ஆயிரக்கணக்கில்.

கடற்காகங்களைப் பெயர் சொல்ல முயன்று மூளையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தப் பகுதியில் இரண்டு இனங்கள் தாராளமாகக் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. தேர்ந்தவர்களுக்கே தலைவலி, முதல் நாளே நமக்கு எதற்கு?

புயலுக்குப் பிறகு செத்த பறவைகள் ஒதுங்கிக் கிடக்கும். கையால் தொட வேண்டாம், பறவைக் காய்ச்சல் இருக்கலாம். உயிரோடு சோர்ந்து உட்கார்ந்திருப்பதையும் தூக்காதீர்கள்.

கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்

இந்தக் கரையில் நீச்சலுக்கு இறங்கும் எண்ணமே வேண்டாம், தண்ணீர் உறைய வைக்கும் குளிர். அதைவிட ஆபத்து திடீர் அலை. இருபது நிமிடம் சாதுவாக வந்துகொண்டிருந்த அலைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் மேலேறி வந்து காலை வாரிவிடும். படத்துக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் நேரம் பார்த்துத்தான் அது வரும். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகளில் ஈரமாக இருப்பதன் மேல் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தாலே கட்டை உருளும், அடியில் ஆள் சிக்கினால் தூக்க முடியாது. முகத்துவாரத்தில் கல் கொட்டிக் கட்டிய நீண்ட அலைத்தடுப்பு மேல் நடப்பதும் அப்படித்தான். பார்க்க ஆசையாக இருக்கும், வழுக்கினால் கற்களுக்கு இடையே கால் போய்விடும்.

காரும் கவனம். ஓரிகன் 1913-இலேயே கடற்கரையைப் பொதுச் சாலை என்று சட்டம் போட்ட மாநிலம், அந்தப் பழக்கத்தில் இங்கே சில பகுதிகளில் மணலில் வண்டி ஓட்டலாம். அலைச் சத்தத்தில் பின்னால் வரும் வண்டி காதில் விழாது. உங்கள் காரை இறக்கிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மென்மணலில் சக்கரம் புதைந்து, கடல் ஏறிக்கொண்டிருக்க, இழுவை வண்டிக்காகக் காத்திருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நிலம் நீண்ட நேரம் குலுங்கினால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் உள்நாட்டுப் பக்கம் மேட்டுக்கு நடக்க வேண்டும். சுனாமி வழிப் பலகைகளை வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பேட்டரி ரஸ்ஸல் என்ற பழைய பீரங்கித் தளத்துக்குப் போகலாம். 1942 ஜூன் 21 இரவு ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அன்று இங்கே இருந்த ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் ராணுவக் கோட்டையை நோக்கிக் குண்டு வீசியது. இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கோட்டையின் தளபதி திருப்பிச் சுடவிடவில்லை. அதன் பிறகு கரை நெடுக முள்கம்பி போட்டார்கள். அயர்டேலும் அந்தக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது.

கடைசியாக ஒன்று. மணல்மேட்டைத் தாண்டிக் கரைக்குள் இறங்கியதும் ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்து, வந்த வழியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புல் மூடிய மணல்மேடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கப்பலைவிட்டு வெகுதூரம் நடந்துபோய்த் திரும்பும்போது எந்த வழியாக வந்தோம் என்று குழம்பும். ஏறும் தண்ணீர் கப்பலின் முன்பகுதியைத் தொடத் தொடங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு மேலே நடக்கலாம். பைனாகுலர் கண்ணாடியில் படிந்த உப்பை உடனே சட்டையால் துடைக்காதீர்கள், கீறிவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காரில் ஏறும் முன் காலணியைத் தட்டுங்கள், இல்லையென்றால் அந்த மணலை அடுத்த மாதம் வரை வீட்டில் பெருக்கிக்கொண்டிருப்பீர்கள்.